இரண்டு முறைக்காரர்களின் முருகன்

காலை ஐந்தே முக்கால். முதலில் கண்ணில் பட்டது கோயில் கதவில் தொங்கிய இரண்டு பூட்டுகள். மேலே இருந்தது எப்போதும் தொங்கும் பித்தளைப் பூட்டு. அதற்குக் கீழே, புதிதாக அடித்த கொண்டியில், கடையிலிருந்து வந்த எண்ணெய் மினுமினுப்பு இன்னும் போகாத ஓர் இரும்புப் பூட்டு. கதவுக்கு முன்னால் அத்தை வெண்கலப் பானையோடு நின்றிருந்தார். பானையில் சர்க்கரைப் பொங்கல். வாயை மூடியிருந்த வாழையிலை ஆவியில் வெந்து கறுத்துப் போயிருந்ததால், அவர் வெகுநேரமாக நிற்கிறார் என்று தெரிந்தது.

அன்று சித்திரை முதல் நாள். அறுபதுகளின் நடுப்பகுதி. மவுண்ட் ரோடில் ஒரு நாளிதழில் நான் உதவியாசிரியனாகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் சாலையை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதன் நடுவே தாத்தா கட்டிய முருகன் கோயில். குனிந்து நுழைய வேண்டிய கருவறை, முன்னால் ஓடு வேய்ந்த சிறு மண்டபம், பக்கத்தில் ஒரு சமையல்கட்டு, அதை ஒட்டி ஓர் அறை. தாத்தா இறப்பதற்கு முன் தோப்பையும் சாலையோர நிலத்தையும் முருகன் பேருக்கு உயில் எழுதிவிட்டார். மகன்கள் இருவரும், அதாவது பெரியப்பாவும் அப்பாவும், வருஷத்துக்கு ஒருவராக முறை வைத்து, வரும்படியில் பூஜை நடத்த வேண்டும். விற்கவோ அடகு வைக்கவோ உரிமை இல்லை. மகளைப் பற்றி உயிலில் ஒரே ஒரு வாக்கியம்தான். சுவாமிக்கு நைவேத்தியம் சமைத்து வரும் காலம்வரை அந்த அறையில் அவள் குடியிருக்கலாம்.

அத்தை சின்ன வயதிலேயே கணவரை இழந்து திரும்பி வந்தவர். குழந்தைகள் இல்லை. சுவாமிக்குச் சமைக்கிற கை என்பதால் மீன், கறி எதையும் தொடமாட்டார். அந்த அறையைத் தவிர அவருக்கு வேறு வீடு கிடையாது.

முறை மாறும் நாள் சித்திரை முதல் தேதி. முறை முடிந்தவர் தாம்பூலத் தட்டில் சாவியை வைத்து நீட்டுவார். முறை ஏற்பவர் சாவியைத் தொடுவதற்கு முன் முருகனின் வெள்ளி வேலைத் தராசில் வைத்து எடை பார்ப்பார். எடை பார்க்கும் வழக்கத்தைத் தாத்தா எழுதி வைக்கவில்லை. அண்ணன் தம்பி இருவரும் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது அது.

"இது யாரு போட்ட பூட்டு?" என்று கேட்டார் அப்பா.

பெரியப்பா ஒரு தென்னையில் சாய்ந்தபடி வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "பொழுது விடிஞ்சா என் முறை. என் முறையில என் பூட்டு. உன்னுதைத் தொறந்து எடுத்துக்கிட்டுப் போ."

"வேலை எடை போடாம சாவி தரமாட்டேன்."

"எடை போட உள்ள போகணும். நீ முதல்ல தொற."

"நீ தொற."

"பெரியண்ணா, பொங்கல் இறுகுது" என்றார் அத்தை.

இருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. சாலையோரத்தில் டீக்கடை வைத்திருந்தவர் கிளாசைக் கழுவியபடியே குரல் கொடுத்தார்.

"இன்னா சார், சாமிய லாக்கப்புல வெச்சுட்டீங்களா? ஜாமீனுக்கு யாரு கையெழுத்து?"

"உன் கடையைப் பாருய்யா" என்றார் அப்பா.

"என் கடை எங்க சார் கீது? அந்த எடமும் சாமிதுதானே?"

கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து, அவரவர் பூட்டை அவரவர் திறந்தார்கள். வேலை எடை போட்டார்கள். போன வருஷ எடையே இருந்தது. ஒரு குன்றிமணி கூடக் குறையவில்லை. அதுவே இருவருக்கும் சந்தேகமாக இருந்தது. பெரியப்பா வேலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உரசிப் பார்த்தாத் தெரியும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

விற்க முடியாத நிலத்துக்கு இவ்வளவு சண்டை ஏன் என்று ஆபீஸில் ஒருவர் என்னைக் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் மின்சார ரயிலில் தாம்பரத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் வயல்களில் மனைக்கல் நட்டிருப்பார்கள். சேலையூர் வரை வீடுகள் வந்துவிட்டன. விமானப்படை ஆட்கள், ரயில்வேக்காரர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் என்று புதிய ஜனம் குடியேறிக்கொண்டிருந்தது. எங்கள் தோப்பின் சாலையோரத்தில் கடை போட இடம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். இடத்தை யாருக்கு விடுவது, தேங்காய்க் குத்தகை யாருக்கு என்று முடிவு செய்கிறவர் முறைக்காரர். ஒருவர் தன் முறையில் வைத்த ஆளை மற்றவர் தன் முறையில் கிளப்பினார். இருவருக்கும் ஒரே ஆசைதான். முறையே இல்லாமல், நிரந்தரமாகத் தான் மட்டும் தர்மகர்த்தாவாக இருக்க வேண்டும். இரண்டு பூட்டுச் சம்பவத்துக்குப் பிறகு அந்தக் கோடை முடிவதற்குள், தர்மத்தைச் சரியாக நடத்தவில்லை, நீக்க வேண்டும் என்று ஒருவர் மேல் ஒருவர் செங்கல்பட்டில் வழக்குப் போட்டார்கள்.

வக்கீல்கள் இருவரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உங்கள் முறையில் கோயில் மற்றவர் முறையைவிடச் சிறப்பாக நடந்ததென்று காட்டுங்கள். சாட்சியும் படமும் வேண்டும்.

அதுவரை அந்தக் கோயிலுக்கு எங்கள் இரண்டு வீட்டாரைத் தவிர யாரும் வந்ததில்லை. ஒரு குருக்கள் சைக்கிளில் வந்து, மணியடித்து, கற்பூரம் காட்டிவிட்டுப் போவார். வழக்குப் போட்ட வருஷம் ஆடிக் கிருத்திகைக்குப் பெரியப்பா மேளம் வைத்தார். அடுத்த வருஷம் அப்பா மேளத்தோடு மைக் செட் வைத்தார். அதற்கடுத்த வருஷம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலிலிருந்து பெரியப்பா காவடி எடுத்து வந்தார். சாப்பாடும் போட்டார். கூட்டத்தைக் காட்ட போட்டோக்காரரை மொட்டைமாடியில் ஏற்ற வேண்டும், தோப்பில் மாடி ஏது? தென்னை ஏறுகிற ஆளின் ஏணியை மரத்தில் சாய்த்து, போட்டோக்காரரை அதில் ஏற்றினார்கள். அவர் "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, ஜனம் கம்மியாத் தெரியுது" என்று மேலிருந்து கத்தினார்.

இரண்டு தரப்பும் சுவரொட்டி அச்சடித்தன. பக்தகோடிகள் அனைவரும் வருக என்று இருவருமே போட்டார்கள். உண்டியலை முதலில் வைத்தவர் பெரியப்பா. அப்பா தன் முறையில் அதை எடுக்கவில்லை, அதைவிடப் பெரியதாக ஒன்று வைத்தார்.

ஒரு நாள் அப்பா என்னிடம் வந்து, திருவிழாவைப் பற்றிப் பேப்பரில் நாலு வரி வர வேண்டும் என்றார். சின்னக் கோயில்களின் செய்தியை நாங்கள் போடுவதில்லை என்றேன்.

"உங்க பெரியப்பன் முந்திக்கிட்டானா?"

"யாரும் வரலை அப்பா."

"வந்தா நீ சொல்லவா போற?"

அதற்குப் பிறகு வழக்கு பற்றிய பேச்சு வந்தால், நான் அறைக்குள் நுழைந்ததும் அப்பா நிறுத்திவிடுவார். பெரியப்பா வீட்டிலும் அப்படித்தான்.

அத்தைதான் இரண்டு தரப்புக்கும் முக்கியமான சாட்சி. எல்லா வருஷமும் அங்கேயே இருந்தவர் அவர் ஒருவர்தான். யார் முறையில் விளக்கு எரிந்தது, யார் முறையில் எண்ணெய் குறைந்தது என்று அவருக்குத் தெரியும். இரண்டு வக்கீல்களும் அவரைக் கூப்பிட்டார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"உங்கள் அண்ணன்கள் இருவரில் யார் முறையில் பூஜை ஒழுங்காக நடந்தது?"

"நான் ரெண்டு பேர் முறையிலயும் சமைச்சேன்."

"கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், அம்மா. யார் முறையில் குறை இருந்தது?"

"சோத்துல குறை இருந்தா என்னைக் கேளுங்க. மத்ததைச் சாமியைக் கேளுங்க."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அண்ணன்கள் இருவரும் சிரிக்கவில்லை. திரும்பும்போது எல்லோரும் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் வந்தோம். அத்தை ஜன்னலோரம். பெரியப்பா ஒரு கதவருகில் நின்றார், அப்பா எதிர்க் கதவருகில் நின்றார். அத்தை அண்ணன் பக்கம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார் என்பதும், தம்பி பக்கம் என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டார் என்பதும் தாம்பரம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. இருவருமே அத்தையை இறங்கச் சொல்லாமல் இறங்கிப் போனார்கள்.

எழுபதுகள் பிறந்தபோது முறை அப்பாவுடையது. அவர் கும்பாபிஷேகம் செய்யத் தீர்மானித்தார். அண்ணனால் மிஞ்ச முடியாத காரியம் அது ஒன்றுதான். ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டு, மேலே சிறிய விமானம் எழுப்பி, வெளியூரிலிருந்து சிவாசாரியார்களை வரவழைத்தார். யாகசாலை போடுவதற்கு முந்தைய நாள், அவர்களில் மூத்தவர் சமையல்கட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மடப்பள்ளியில யாரு?"

"என் தங்கச்சி" என்றார் அப்பா.

"இதுவரைக்கும் வீட்டுக் கோயில், பரவாயில்லை. இனிமே அது சரிப்படாது. தீட்சை ஆன பரிசாரகர் ஒருத்தர் வேணும்."

"சரி" என்றார் அப்பா.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கூறு கத்தரிக்காய்க்கு வியாபாரியைக் கடை கட்டும்வரை விடாத மனிதர் அப்பா. இதற்கு ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் காலை, டிரங்குப் பெட்டியும் படுக்கையுமாக ஒரு சமையல்காரர் மனைவியோடு வந்து இறங்கினார். ஒரே இரவில் கிடைக்கிற ஆள் இல்லை அவர். எப்போது சொல்லி வைத்தார்கள் என்று கேட்டேன்.

"தை மாசமே சொல்லிட்டாங்களே" என்றார்.

"யார் சொன்னது?"

"உங்க வீட்டு ஆளுங்கதான்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அத்தை வெண்கலப் பானையைப் புளி போட்டுத் துலக்கிச் சமையல்காரரிடம் கொடுத்தார். பிறகு அப்பாவிடம் வந்தார்.

"சின்னண்ணா, நான் சமைக்கிறதை நிறுத்திட்டா அப்பா எழுதிவெச்சது என்னாகும்?"

"உன்னை யாரு போகச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அதனாலதான் கேக்கறேன்."

அப்பா பந்தல்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

அடுத்த சித்திரையில் முறை மாறியது. அத்தை பெரியப்பாவிடம் கேட்டார். நான் அங்கே இருந்தேன்.

"உங்க முறையிலயாவது என்னைச் சமைக்க விடுங்க, பெரியண்ணா."

"உன் கையில கரண்டியைக் குடுத்தா, கும்பாபிஷேகம் ஆன சாமிய நான் கெடுத்துட்டேன்னு தம்பி கோர்ட்ல ஒரு மனு போடுவான். ஒரு வருஷம் பொறுத்துக்க."

"ஒரு வருஷம் கழிச்சு சின்னண்ணா முறை வரும்."

"அதான் சொல்றேன். அவன்கிட்ட கேளு."

அன்றிலிருந்து அத்தை ஒரு காரியம் செய்தார். தன் அறையில் குமுட்டி அடுப்பில் கொஞ்சம் சோறு வடித்து, வாழையிலையில் வைத்து, மண்டபத்தின் முதல் படியில் கொண்டுபோய் வைப்பார். கைகூப்பிவிட்டு வந்துவிடுவார். குருக்கள் அதை உள்ளே எடுத்துப் போகமாட்டார். காக்கைகளும் அணில்களும் தின்னும். மழையானாலும் அதை அவர் நிறுத்தவில்லை. சாமி மேல் அவ்வளவு பிடிப்பு என்று அம்மா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிலில் இருந்த ஒரு வாக்கியத்தை அத்தை தினமும் காலையில் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் கோயில்களைக் கவனிக்கும் அரசு இலாகாவுக்கு ஒரு மனு போனது. ஊர்ப் பொதுமக்கள் என்று மட்டும் கையெழுத்து. பொதுக் கோயிலை இரண்டு பேர் சொந்தச் சொத்து போல அனுபவிக்கிறார்கள் என்பது சாரம். தம்பி எழுதியது என்றார் பெரியப்பா. அண்ணன் எழுதியது என்றார் அப்பா. கடையைக் காலி செய்யச் சொன்னதால் டீக்கடைக்காரர் எழுதினார் என்றார் அம்மா. ஒரு வாரம் கழித்து அப்பாவுக்கு வேறு நினைப்பு வந்தது. அத்தையைத் தாம்பரம் போஸ்ட் ஆபீஸ் வாசலில் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"நீதானா?"

"எழுதறதா இருந்தா, முதல்ல உங்க ரெண்டு பேருக்கும் எழுதியிருப்பேன், சின்னண்ணா. மூணு முழத்துல."

மறுத்ததாகவும் எடுத்துக்கொள்ளலாம், ஒப்புக்கொண்டதாகவும் எடுத்துக்கொள்ளலாம். எழுதியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இலாகா அதிகாரி ஒரு ஜீப்பில் வந்தார். அமைதியான மனிதர். உண்டியலைப் பார்த்தார். தென்னையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார். மதிலில் பாதி கிழிந்திருந்த பழைய சுவரொட்டியைப் படித்தார். பிறகு டீக்கடைக்குப் போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இந்தக் கோயிலுக்குள் போக யாராவது தடுப்பார்களா?"

"தடுக்கறதா? நல்லா கேட்டீங்க. வா வான்னு மைக்குல கூப்ட்டுகினே கீறாங்க சார். காலைல நாலு மணிலேர்ந்து தூங்க முடியல, ஒரே பேஜாரு."

விசாரணையில் அண்ணனும் தம்பியும் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரே வக்கீலை வைத்துக்கொண்டு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இது எங்கள் குடும்பக் கோயில், வெளியாருக்கு இதில் எந்த உரிமையும் இல்லை என்பது அவர்களுடைய வாதம். அது உண்மைதான். மேளம் வைப்பதற்கு முன்புவரை உண்மையாக இருந்தது. இலாகா தரப்பில் புதிதாக எந்தச் சாட்சியும் தேடவில்லை. அண்ணன் தம்பி இருவரும் ஒருவர் மேல் ஒருவர் போட்டு இன்னும் முடியாமல் கிடந்த வழக்கில் தாங்களே தாக்கல் செய்திருந்த சுவரொட்டிகளையும் படங்களையும் இலாகாக்காரர்கள் வரவழைத்து மேஜையில் பரப்பினார்கள். காவடி, பந்தி, உண்டியல் முன் வரிசை. ஏணியிலிருந்து எடுத்த படத்தில் ஜனம் மிக நெருக்கமாகத் தெரிந்தது.

"உன் போட்டோ" என்று அப்பா பல்லைக் கடித்தபடி சொன்னார்.

"உன் கும்பாபிஷேகம்" என்றார் பெரியப்பா.

பொதுக் கோயில் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. தோப்பும் கடைகளும் இலாகா நியமித்த நிர்வாக அதிகாரியின் கைக்குப் போயின. கட்டிய குடும்பம் என்பதால் திருவிழாவில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை தருவார்கள். அதையும் வருஷத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். முதல் வருஷம் யாருக்கு என்பதில் மறுபடி தகராறு வந்தது.

நிர்வாக அதிகாரி பொறுப்பேற்ற காலை எல்லோரும் மண்டபத்தில் கூடினோம். அவர் உயிலின் நகலைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து, அத்தையைப் பற்றிய இடத்தில் நிறுத்தினார்.

"நைவேத்தியம் இப்ப யார் சமைக்கிறாங்க?"

சமையல்காரர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"நானும் வைக்கிறேன்" என்றார் அத்தை.

"எங்கே வைக்கிறீங்க, அம்மா?"

"படியில."

"அது உள்ளே சாமிக்குப் போகுதா?"

அத்தை பதில் சொல்வதற்கு முன் அண்ணன்களைப் பார்த்தார். இருவரில் யாராவது ஒருவர், எங்கள் தங்கை சமைப்பதை நாங்கள்தான் நிறுத்தினோம் என்று சொல்லியிருந்தால் அந்த அதிகாரி ஒருவேளை யோசித்திருப்பார். கேட்கக் கூடிய மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் நிறுத்தியது யார் என்ற கேள்வி உடனே வரும். அப்பா தென்னங்குலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா மேல்துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தை மாதம் அந்தச் சமையல்காரருக்குச் சொல்லி அனுப்பியது அவராக இருக்கலாம். தம்பியின் கும்பாபிஷேகத்தில் நடக்கப்போவதை முன்பே தெரிந்துகொண்டு பெரியப்பாவே அனுப்பியிருக்கலாம். இருவரும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேசிவைத்துக்கொண்டிருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"போகலை" என்றார் அத்தை.

சமையல்காரர் குடும்பத்துக்கு அந்த அறை ஒதுக்கப்பட்டது. காலி செய்ய ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள்.

அப்பா அன்று சாயங்காலம் அத்தையிடம் போனார். "நம்ம வீட்டுக்கு வந்துடு. அண்ணன் வீட்டுலயும் இருக்கலாம், உன் இஷ்டம்."

"யாரு வீட்டுல, எந்த வருஷம்? சித்திரைக்குச் சித்திரை பெட்டியைத் தூக்கணுமா?"

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"தராசு வெச்சிருக்கீங்களா, சின்னண்ணா? போகும்போதும் வரும்போதும் என்னையும் எடை போட்டு வாங்கிக்குவீங்க."

தோப்பில் தேங்காய் வாங்க வரும் ஒரு டீச்சர் அத்தைக்குப் பழக்கம். கீழ்க்கட்டளையில் வீடு, கத்தோலிக்கக் குடும்பம், கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். அந்த மாதம் முடிவதற்குள் அத்தை அவர்கள் வீட்டுப் பின்பக்க அறைக்குக் குடிபோனார். வாடகை கிடையாது, சமையல் அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனபோது டீச்சர் மாதா கோயிலிலிருந்து இன்னும் திரும்பியிருக்கவில்லை. அத்தை எனக்குக் காபி கொடுத்துவிட்டு, அந்த வீட்டு வழக்கங்களைச் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் கறி சாப்பிடுவதில்லை. அன்றைக்குக் கோவளத்திலிருந்து மீன் வரும். அதை ஆய்ந்து, கழுவி, குழம்பு வைப்பது அத்தை.